நாலு பிள்ளைகள், ஒரு உறுதி: என் நாவலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவல் வெளிவந்த பிறகு ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதிக் கட்டுப்படியாகவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் போட்டுவிட்டேன். இன்னும் வாசிக்காதவர்கள் முதல் நாலு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கதையில் மறைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.

கதை என்ன, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு வீடு, நாலு பிள்ளைகள். பெரியக்கா கலியாணம் கட்டாமல் அம்மாவோடு அந்த வீட்டிலேயே இருந்தவர். அண்ணா 1990 இல் கனடாவுக்குப் போய் ஸ்காபரோவில் இருக்கிறார். தம்பி 1996 இல் காணாமற் போனவர். தங்கச்சி, வீட்டில் ஒத்துக்கொள்ளாத இடத்தில் கலியாணம் முடித்துக் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறார். அம்மா செத்த பிறகு செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கு மிச்சமுள்ள மூன்று பேரும் எத்தனையோ வருசத்துக்குப் பிறகு ஒரே முற்றத்தில் நிற்கிறார்கள். வீட்டுக் காணியை அம்மா பெரியக்காவுக்கு மட்டும் நன்கொடையாக எழுதிவிட்டார் என்பது மற்ற இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

உங்கள் சொந்தக் குடும்பக் கதையா?

இல்லை. என் கூடப்பிறந்தவர்களோடு நான் நன்றாகவே கதைக்கிறேன், வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்கள் ஒரு நாள் தவறாமல் வந்து விழுகின்றன. ஆனால் "எங்கட மாமி வீட்டுக் கதையை உமக்கு ஆர் சொன்னது?" என்று வேறு வேறு ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மாமியையும் எனக்குத் தெரியாது.

ஒருவருக்கும் பெயர் இல்லையே, ஏன்?

அந்த வீட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் அம்மா ஒருவர்தான், அவர் முதல் பக்கத்திலேயே செத்துப்போகிறார். மற்றவர்களுக்கு அக்கா, அண்ணா, தம்பி, தங்கச்சி போதும்.

ஏன் எல்லாச் சண்டையும் கடைசியில் காணியில் வந்து நிற்கிறது? வேறு பிரச்சினையே இல்லையா நம் ஆட்களுக்கு?

இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் காணிக்கு மட்டும்தான் வழக்குப் போடலாம். "அம்மா உன்னில்தான் கூடப் பட்சம் வைத்தவ" என்று காணி உறுதி (பத்திரம்) எழுதுகிற நொத்தாரிசிடம் போய்ச் சொல்ல முடியாது. "நான் காய்ச்சலாய்க் கிடந்தபோது நீ எட்டிப் பார்க்கவில்லை" என்பதற்கு நில அளவையாளர் வந்து கல்லுப் போடமாட்டார். அயலட்டை காது கொடுத்துக் கேட்கிற, நீதிமன்றம் இலக்கம் கொடுத்து எடுக்கிற ஒரே மனத்தாங்கல் காணி. அதனால் மற்ற எல்லாவற்றையும் அதற்குள் போட்டு அடைத்துவிடுகிறோம். மூன்று பரப்புக் காணிக்காக (வெளியூர் வாசகருக்கு: 16 பரப்பு ஒரு ஏக்கர்) முப்பது வருசம் கதைக்காமல் இருக்கிறார்கள் என்று கேட்டால் பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும், உள்ளே போய்ப் பார்த்தால் அந்த மூன்று பரப்பில் காணியைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். இந்த நாவலை எழுதத் தொடங்கியதே இந்த ஒரு விசயத்துக்காகத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் சொத்து எந்த வழியால் வந்தது என்பதே குடும்ப வரலாறு. தேசவழமை என்கிற நம் வழக்கச் சட்டத்தை 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார், 1806 இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள், திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. அதில் பரம்பரையாக வந்தது முதுசம், பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு உழைத்துச் சேர்த்தது தேடியதேட்டம். ஒரு வீட்டில் எது எந்த வகை என்று கேட்டாலே போதும், யார் யாருக்கு என்ன செய்தார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று பாதிக் கதை வந்துவிடும்.

அம்மா அப்படி ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதியது சட்டப்படி செல்லுமா?

செல்லும். வீடு அம்மாவின் சீதனக் காணி, அவருடைய சொந்தச் சொத்து. தேசவழமைப்படி மணமான பெண் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் (1911 ஆம் ஆண்டுச் சட்டம், இதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் வராது). ஆனால் உறுதி எழுதிய 2004 இல் அப்பா உயிரோடு இல்லை. சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொண்டு எழுதியதால் கடைசி வரை அம்மா அந்த வீட்டில் இருந்தார். அநியாயம் என்று அண்ணா கத்துகிறார், சரி, ஆனால் அநியாயம் என்ற ஒன்றை வைத்து உறுதியை உடைக்க முடியாது. அதனால்தான் வழக்கறிஞரிடம் போன பிறகு "அம்மாவுக்கு அப்போது நினைவு சரியில்லை" என்று கதையை மாற்றுகிறார். பதினொராம் அத்தியாயம் அதுதான், எழுத எனக்கே கஷ்டமாக இருந்தது.

பெரியக்கா தனக்கும் அந்த உறுதி பற்றித் தெரியாது என்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். நன்கொடை உறுதியில் வாங்குகிறவரும் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்து வைப்பது வழக்கம். அவர் நொத்தாரிசு வீட்டுக்குப் போயிருக்கிறார், கதிரையில் இருந்திருக்கிறார், பேனையை வாங்கியிருக்கிறார். நாவலில் இதை நான் சொல்லவில்லை, உறுதியின் கடைசிப் பக்கத்தை அப்படியே கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். கவனித்து எழுதிய எல்லா வாசகருக்கும் நன்றி. அதில் ஒருவர் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், எனக்கு ஆச்சரியமில்லை.

இதோடு இன்னொன்று. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணி உறுதிக்கு நொத்தாரிசும் வேண்டும், இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஆக, அண்ணாவுக்கும் தங்கச்சிக்கும் மறைத்து வைத்த விசயம் வெளியாட்கள் மூன்று பேருக்குக் குறைந்தது பன்னிரண்டு வருசமாகத் தெரியும். சாட்சி ஒருவர் முன்வீட்டுக்காரர், அவருடைய மனுசிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? நம் ஊரில் குடும்ப இரகசியம் என்றால் குடும்பத்துக்கு மட்டும் தெரியாதது என்றுதான் அர்த்தம்.

அப்படியென்றால் உண்மையான இரகசியம் எது? எனக்கு விளங்கவில்லை.

பலர் உறுதியோடு நின்றுவிடுகிறார்கள். உறுதி வெளித்தோல்தான்.

1990 தொடக்கம், இந்திய இராணுவம் வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நேரம். பெரியக்காவின் சீதனத்துக்கென்று வைத்திருந்த நாலு பரப்புத் தோட்டக் காணியை விற்று, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்குக் காசு கட்டுகிறார்கள். அனுப்ப நினைத்தது தம்பியை, அவனுக்குப் பதினெட்டு வயது, வீதியில் விட முடியாத வயது. கொழும்பு வரைக்கும் துணைக்கு அண்ணா யாழ்தேவி ரயிலில் கூடப் போகிறார். திரும்பி வந்தது தம்பி. "வயது சரிவரவில்லையாம், ஏஜென்சிக்காரன் அண்ணாவைத்தான் அனுப்பலாம் என்று சொல்லிவிட்டான்" என்பது வீட்டுக்கு வந்த கதை. யூனில் சண்டை தொடங்கி ரயிலும் நின்றது, பிறகு கேட்கவும் வழியில்லை. கொழும்பில் இரண்டு பேரும் தங்கிய லொட்ஜில் அந்த இரவு என்ன நடந்தது என்று தம்பி பெரியக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான்.

இப்போது உறுதியைத் திரும்பப் பாருங்கள். தோட்டக் காணி போனதால் பெரியக்காவுக்குக் கலியாணம் போனது, அதற்கு ஈடாகத்தான் அம்மா வீட்டை எழுதினார். அதைப் பெரியக்கா ஒரு வசனத்தில் சொல்லி அண்ணாவின் வாயை மூடியிருக்கலாம். சொன்னால் "ஆருக்காக விற்றது?" என்று அடுத்த கேள்வி வரும்.

பெரியக்கா கடைசி வரை ஏன் சொல்லவில்லை? தியாகமா?

தியாகம் என்று வாசிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை. அம்மா உயிரோடிருந்தவரை சொல்லாததற்குக் காரணம் அம்மா. இருக்கிற மகனும் இல்லாமல் போய்விடக்கூடாது. அது சரி. அம்மா செத்த பிறகும் சொல்லாததற்குக் காரணம் வேறு, அது அவ்வளவு அழகானதல்ல. அண்ணாவுக்கு எதிராக அவர் கையிலிருக்கும் ஒரே பொருள் அது, சொல்லிவிட்டால் தீர்ந்துபோகும். ஒவ்வொரு மாதமும் அண்ணாவின் காசு வரும்போது, ஒவ்வொரு முறை அவர் தொலைபேசியில் புத்தி சொல்லும்போது, தனக்குத் தெரியும் என்பதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. வீட்டோடு இருந்து தாய் தகப்பனைப் பார்த்த பிள்ளைகள் சிலர் இந்த இடத்தைத்தான் கோடு போட்டு எனக்கு அனுப்பினார்கள்.

அண்ணா கெட்டவர் என்று சொல்கிறீர்களா? வெளிநாட்டில் இருக்கிற எங்களை ஏன் எப்போதும் இப்படிக் காட்டுகிறீர்கள்?

இந்தக் கேள்வி கோபத்தோடுதான் வரும், பெரும்பாலும் கனடா, இலண்டன் பக்கமிருந்து. கோபம் நியாயமானது, ஏனென்றால் நம் கதைகளில் வெளிநாட்டுக்காரர் என்றால் ஒன்றில் காசைக் காட்டுகிற ஆள், இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பால் வார்க்க வராத ஆள். இந்த அண்ணா அப்படி இல்லை. போன நாளிலிருந்து உழைத்தார். கூரை மாற்றியது, கிணறு இறைத்துக் கட்டியது, அம்மாவின் கண் ஒப்பரேசன், எல்லாம் அவர் உண்டியலில் (வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம்) அனுப்பிய காசு. தாய் செத்ததற்கு லீவு கேட்க முடியாமல் இருந்து, அந்தியேட்டிக்கு எப்படியோ வந்து சேர்ந்தார்.

லொட்ஜ் இரவில் அவருக்கும் இருபத்தாறு வயதுதான். அவருக்கும் பயம் இருந்தது, அவரையும் யாராவது பிடித்திருக்கலாம். போனதை நான் குற்றமாக எழுதவில்லை. 1996 க்குப் பிறகு அவரால் அழ முடியாமல் போனதை எழுதினேன். தம்பி காணாமற் போன செய்தி கேட்டு வீட்டில் எல்லோரும் அழலாம், அவர் மட்டும் அழுதால் அந்த அழுகைக்குப் பின்னால் ஒரு கணக்கு வந்து நிற்கும். அந்தக் கணக்கைப் பார்க்கப் பயந்துதான் அவர் காணியைப் பிடித்துக்கொள்கிறார். வீட்டைத் தனக்குத் தரவில்லை என்று சத்தம் போடுகிற ஆளுக்கு அந்த வீடு வேண்டவே வேண்டாம், அவர் அங்கே ஒரு வாரம்கூட இருக்கமாட்டார்.

தம்பிக்கு என்ன நடந்தது என்று ஏன் சொல்லவில்லை?

சொல்ல எனக்குத் தெரியாது, அந்த வீட்டுக்கும் தெரியாது. 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வில் குடும்பம் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் திரும்பி வருகிறது. அதன் பிறகு ஒரு நாள் தம்பி சைக்கிளில் போகிறான். இராணுவக் காவலரணில் மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவுதான். 1996 இல் யாழ்ப்பாணத்தில் இப்படிப் போனவர்கள் நூற்றுக்கணக்கில். நாவலில் மட்டும் ஒரு முடிவு வைத்தால் அந்தக் குடும்பங்களின் முன்னால் நின்று பொய் சொல்வது போல இருக்கும்.

செம்மணி ஏன் ஒரே ஒரு வரியில் வருகிறது?

அம்மா அதை ஒரு வரிக்கு மேல் கதைக்க விடவில்லை. வேறொரு வழக்கில் தண்டனை பெற்ற படைச்சிப்பாய் ஒருவர் 1998 இல் செம்மணியில் உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார், 1999 இல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் வந்தன. அயலில் எல்லோரும் அதைத்தான் கதைத்தார்கள். அம்மா "என்ர பிள்ளை அங்க இல்லை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறார். 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடியும் தோண்டி, எடுத்த உடுப்புகளையும் சாமான்களையும் அடையாளம் காணச் சனத்துக்குக் காட்டினார்கள். அதையும் சேர்த்து இன்னொரு பதிப்புப் போடுங்கள் என்று கேட்கிறார்கள். மாட்டேன். கதை 2016 இல் முடிகிறது.

மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்ததால் வயலை விற்க முடியவில்லை என்கிறீர்கள். அப்படி நடக்குமா?

நடக்கும், நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவின் முதுசமான எட்டுப் பரப்பு வயல் தென்மராட்சியில். அப்பா ஒன்றும் எழுதாமல் இறந்ததால் நாலு பிள்ளைக்கும் நாலு பங்கு. தம்பி செத்தார் என்றும் பதியவில்லை, உயிரோடு என்றும் காட்ட முடியவில்லை, அவர் பங்குக்கு யார் கையெழுத்து வைப்பது? 2016 இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற் போனார் என்று சான்றிதழ் எடுக்க வழி செய்தார்கள். அம்மா அதையும் தொடவில்லை. தாளில் அந்தப் பிள்ளை நாலில் ஒரு பங்கு வயலோடு இன்னும் இருக்கிறான், அவருக்கு அது போதும்.

தங்கச்சியை வீட்டை விட்டு வெட்டிவிட்டார்கள். பிறகு எப்படி வயலில் பங்கு கேட்கிறார்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தேசவழமையில் சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளுக்குத் தாய் தகப்பன் சொத்தில் பிறகு பங்கில்லை. தங்கச்சி சாதி பார்க்காமல் கலியாணம் முடித்தபடியால் ஒரு சதமும் கொடுக்காமல் துரத்தினார்கள். அதனாலேயே அவருடைய வாரிசுப் பங்கு அப்படியே இருக்கிறது! கோபத்தில் செய்த வேலை அவருக்கு நல்லதாகப் போய்விட்டது. வெள்ளவத்தை வழக்கறிஞர் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கிற சிரிப்பு அந்த அத்தியாயம் முழுக்க ஓடுகிறது.

சாதியை ஒரு அத்தியாயத்தோடு விட்டுவிட்டேன் என்ற குறையும் சொல்கிறார்கள். இல்லை, அது எல்லா அத்தியாயத்திலும் இருக்கிறது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தங்கச்சியின் மனுசனுக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

கல்வெட்டு அத்தியாயம் ஏன் அவ்வளவு நீளம்?

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காக: இங்கே அந்தியேட்டிக்கு இறந்தவர் பற்றி ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுப்பது வழக்கம், கல்வெட்டு என்போம், நினைவு மலர் என்றும் சொல்வதுண்டு. தேவாரம், திருவாசகம், இறந்தவரின் வரலாறு, வம்சாவளி, ஒவ்வொரு உறவும் புலம்புகிற பாட்டுகள். வம்சாவளிப் பக்கம்தான் விசயம். அதில் பெயர் வந்தால் நீ அந்தக் குடும்பம், வராவிட்டால் இல்லை.

அச்சகத்துக்குப் போக முந்திய இரவு, யார் பெயர் வரும் என்று மூன்று பேரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். மருமகன் பெயர் போடுவதா? தம்பி பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" போடுவதா? போட்டால் அம்மா இருபது வருசம் மறுத்ததை அவருடைய புத்தகத்திலேயே ஒத்துக்கொண்டதாகும், போடாவிட்டால் அச்சகக்காரர் முகவரி கேட்பார். மகள் புலம்பலை எழுதிக்கொடுக்கிற வாத்தியார், எத்தனை மகள் என்று கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார். பதின்மூன்று பக்கமும் அந்த ஒரு இரவுதான், வெட்டச் சொன்ன பதிப்பாளரோடு நிறையக் கதைக்க வேண்டியிருந்தது.

இந்த அத்தியாயத்துக்காக நூலகம் இணையத்தளத்தில் இருக்கிற நினைவு மலர்களை நிறைய வாசித்தேன். குடும்பக் கதை எழுத நினைப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. இருக்கிற பெயர்களை விடுங்கள், மரண அறிவித்தலையும் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் வந்து மற்றதில் வராமல் போன ஆளைத் தேடுங்கள். அப்புறம் பழைய உறுதிகள். "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பங்கும்" என்று எழுதியிருக்கும். கதைக்காத இரண்டு வீட்டார் ஒரே கிணற்றில் அள்ள வேண்டியிருக்கிறது என்பதை நான் கற்பனை செய்யத் தேவை வரவில்லை.

அண்ணா தங்கச்சிக்கு அனுப்புகிற அந்த ஒரே கடிதம் ஏன் சட்டக் கடிதமாக இருக்கிறது?

தேசவழமையில் பங்குக் காணியை வெளியாளுக்கு விற்க முன் பங்காளிகளுக்கு அறிவித்தல் கொடுத்து, அவர்களுக்கு வாங்க விருப்பமா என்று பார்க்க வேண்டும், 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம். அண்ணா தன் வயற்பங்கை விற்க நினைக்கிறார். இருபத்திரண்டு வருசம் கதைக்காத தங்கச்சிக்குச் சட்டம் கட்டாயப்படுத்தி ஒரு கடிதம் போட வைக்கிறது. பதிலுக்கு அவர் என்ன எழுதினார் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும், இங்கே போடமாட்டேன்.

எங்கள் வீட்டிலும் இதே நிலைமை. என்ன செய்யலாம்?

நான் வழக்கறிஞர் இல்லை. காணி விசயத்துக்கு முதலில் உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எடுத்து வாசியுங்கள். பாதிப் பேர் கேள்விப்பட்டதை வைத்துத்தான் சண்டை பிடிக்கிறார்கள். வழக்குக்குப் போக முன் மத்தியஸ்த சபை இருக்கிறது, காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. 1977 இன் பிரிவிடல் சட்டப்படி பங்கு பிரிக்க வழக்குப் போட்டால் வருசக் கணக்கில் இழுபடும், அதுவும் வெளிநாட்டுப் பங்காளி இருந்தால் சொல்லத் தேவையில்லை. காணியைத் தவிர்த்த மற்றதற்கு என்ன செய்வது என்று கேட்டால், நேரே போய்க் கேளுங்கள் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சில வீடுகளில் கேட்காமல் இருந்ததால்தான் இவ்வளவு காலம் தேத்தண்ணியாவது குடிக்க முடிந்தது.

கடைசியில் மூன்று பேரும் சேர்வார்கள் என்று நினைத்தேன். ஏன் சேரவில்லை?

சேர்வதற்கு அண்ணா லொட்ஜ் இரவைச் சொல்ல வேண்டும், பெரியக்கா தனக்கு அது முதலே தெரியும் என்று சொல்ல வேண்டும், இரண்டையும் கேட்டுக்கொண்டு தங்கச்சி எழும்பிப் போகாமல் இருக்க வேண்டும். மூன்றும் ஒரே நாளில் நடக்காது. ஒன்று நடக்கிறது, எது என்பதில் வாசகர்களுக்குள் இரண்டு கட்சி இருக்கிறது. நான் எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன்.

இரண்டாம் பாகம் வருமா?

வராது. அண்ணாவின் பிள்ளைகள் மாமியைத் தேடி வருவது போல எழுதுங்கள் என்று ஒருவர் முழுக் கதையும் எழுதி அனுப்பியிருந்தார், நன்றாகவே இருந்தது. அவரையே எழுதச் சொல்லிவிட்டேன்.